சோறு வெந்ததை அது எப்படி அறிகிறது?

எங்கட போர்டிங் அறையில் இருக்கிற ரைஸ் குக்கர் எங்களை விடக் கூடின காலம் கம்பஸில் இருந்திருக்கிறது. எங்களுக்கு முந்தின பாட்ச் அக்காக்கள் போகும்போது விட்டுப்போனது. அவைக்கும் யாரோ விட்டுப்போனதுதான். மூடியின் பிடி கழன்று, அந்த இடத்தில் ஒரு மரக்கட்டையை ஆணி போட்டு இறுக்கியிருக்கிறார்கள். எந்தக் கம்பனி என்று தெரியாத அளவுக்கு எழுத்து அழிந்துவிட்டது. நாங்கள் நாலு பேர், ஒரு நாளைக்கு இரண்டு தரம், இந்த ஒரு சாமானை நம்பித்தான் இருக்கிறோம்.

போன செமஸ்டர் பரீட்சை நேரம் அதற்கு ஒரு வருத்தம் வந்தது. அரிசியும் தண்ணியும் போட்டு சுவிட்சைக் கீழே தட்டினால், பத்து நிமிடத்திலேயே 'டக்' என்று மேலே எழும்பிவிடும். திறந்து பார்த்தால் மேலே தண்ணி, கீழே அரைவேக்காடு. திரும்பத் தட்டுவோம், திரும்ப எழும்பும். திருத்தக் கொண்டுபோனபோது, "தங்கச்சி, திருத்திற காசுக்குக் கொஞ்சம் போட்டுப் புதுசா வாங்கலாம்" என்றார்கள். எங்களில் ஒருத்தியின் ஒன்றுவிட்ட தம்பியிடம் கேட்டால் அவன் சிரித்தான்: "நீங்கள் ஆர்ட்ஸ்தானே, அதுக்குள்ள கை வைக்காதேங்கோ, ஷொக் அடிக்கும்."

அந்தச் சிரிப்புத்தான் எங்களுக்கு ஸ்குரூ டிரைவரைத் தேட வைத்தது. ஆனால் அதற்குப் பின்னால் நெடுநாளாகக் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியும் இருந்தது. இந்தச் சாமானுக்குக் கண் இல்லை, மூக்கு இல்லை, ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்க்கக் கையும் இல்லை. ஒரு சுண்டு அரிசி போட்டாலும் மூன்று சுண்டு போட்டாலும் சரியான நேரத்தில் நிற்கிறது. சோறு வெந்துவிட்டது என்று அது எப்படி அறிகிறது?

உள்ளுக்குள் மணிக்கூடு இல்லை

பிளக்கைக் கழற்றி ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டு, கட்டிலில் பேப்பர் விரித்துக் கவிழ்த்துப் போட்டோம். அடித்தட்டை மூன்று ஸ்குரூ பிடித்திருந்தது. திறந்த உடனே வந்தது ஏமாற்றம்தான். சர்க்கியூட் போர்ட் ஒன்று இருக்கும், குறைந்தது ஒரு மணிக்கூடாவது இருக்கும் என்று நினைத்திருந்தோம். இருந்தது இவ்வளவுதான்: சூடேற்றுகிற தட்டு, இரண்டு மூன்று வயர், ஒரு ஃபியூஸ், சுவிட்சோடு சேர்ந்த ஒரு நெம்புகோல், தட்டின் நடுவில் ஸ்பிரிங் போட்ட ஒரு சின்னக் கிண்ணம். சட்டியை உள்ளே வைத்தால் அந்தக் கிண்ணத்தின் தலை சட்டியின் அடியில் முட்டிக்கொண்டு நிற்கும். கிண்ணத்துக்குள் இரண்டு காந்தத் துண்டுகள்.

முழு விஷயமும் அந்தக் கிண்ணத்துக்குள்தான். ஒன்று நிலையான காந்தம். மற்றது ஃபெரைட் என்கிற, இரும்பு ஒட்சைட்டோடு வேறு உலோக ஒட்சைட்டுகளைக் கலந்து சுட்டு எடுத்த துண்டு. நாங்கள் சுவிட்சைத் தட்டும்போது காந்தம் மேலே போய் ஃபெரைட்டோடு ஒட்டிக்கொள்கிறது, மின்சாரம் ஓடுகிறது. சட்டிக்குள் தண்ணி தண்ணியாக இருக்கும் வரைக்கும் அடியின் சூடு 100 பாகையை ஒட்டியே நிற்கும். எவ்வளவு சூட்டைக் கொடுத்தாலும் அது தண்ணியை ஆவியாக்கவே செலவாகிவிடும். அரிசி தண்ணியைக் குடித்து முடித்த உடனே தடுக்க ஆள் இல்லை, அடி சடார் என்று சூடேறும். சுமார் 103 பாகையில் ஃபெரைட் தன் காந்தத் தன்மையை இழக்கிறது. பிடி விட்டுப்போகிறது, ஸ்பிரிங் தள்ளுகிறது, 'டக்'.

ஆகவே அது நேரத்தை எண்ணவில்லை. ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது: இன்னும் தண்ணி இருக்கிறதா? எங்கட அறையில் நுவரெலியாக்காரி ஒருத்தி இருக்கிறாள். அங்கே உயரம் கூட என்பதால் தண்ணி ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். அங்கேயும் இதே குக்கர் வேலை செய்வது இதனால்தான். தண்ணி எந்தப் பாகையில் கொதித்தாலும், அது தீர்ந்த பிறகுதான் அடி 103-ஐத் தொடும்.

சூடேறினால் காந்தம் தன் சக்தியை இழக்கும் என்பது பழைய செய்தி. எந்தப் பாகையில், எப்படி என்று ஒழுங்காக அளந்து எழுதியவர் பியர் கியூரி, 1895 இல் தன் முனைவர் பட்ட ஆய்வில். அதனால்தான் அந்த எல்லைக்குக் கியூரி வெப்பநிலை என்று பெயர். சாதாரண இரும்புக்கு அது 770 பாகை. சோறு சமைக்க அது உதவாது. 1930 இல் டோக்கியோவில் காதோ, தகெய் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஃபெரைட்டுகளை உருவாக்கினார்கள். அதைத் தயாரிக்கவே 1935 இல் தொடங்கிய கம்பனிதான் பிறகு கசற் நாடாக்களால் எங்கட அப்பாமாருக்குத் தெரிந்த டிடிகே. கலவையை மாற்றினால் காந்தம் விடுகிற வெப்பநிலையையும் மாற்றலாம் என்பது ஃபெரைட்டில் உள்ள வசதி.

இங்கேயே நிறுத்தியிருந்தால் இது ஒரு பௌதிகவியல் பாடம். ஆனால் நாங்கள் வரலாறு படிக்கிற ஆட்கள். 103 என்று எண் எழுதலாம். தண்ணி தீர்ந்தால் சோறு வெந்துவிட்டது என்று யார் முடிவு பண்ணினது? அரிசி எவ்வளவு நேரம் கொதியில் இருக்க வேண்டும் என்று யார் அளந்தது? அதைத் தேடப்போனபோதுதான் ஒரு பெண்ணின் பெயர் தட்டுப்பட்டது.

தோற்றுப்போன மரப்பெட்டிகள்

ஜப்பானில் முன்பு சோறு சமைத்தது 'கமதோ' என்கிற மண் அடுப்பில். விறகு, கனமான மூடி, பக்கத்திலேயே ஒரு பெண். முதலில் மெல்லிய தீ, பிறகு பெருந்தீ, பிள்ளை அழுதாலும் மூடியைத் திறக்காதே என்ற கருத்தில் அவர்களிடம் ஒரு பழமொழி இருக்கிறது. சமையல் குறிப்புத்தான். ஆனால் அந்தப் பிள்ளையின் அழுகை யாருடைய காதில் விழுந்துகொண்டிருந்தது என்பதையும் அது சொல்லிவிடுகிறது.

மின்சாரத்தால் சோறு சமைக்க முயன்றவர்களில் ராணுவமும் ஒன்று. 1930களின் கடைசியில் ஜப்பானிய ராணுவத்திடம் சமையல் வண்டிகள் இருந்தன. பெட்டிக்குள் அரிசியையும் தண்ணியையும் போட்டு, இரண்டு பக்கமும் உலோகத் தகடு வைத்து, தண்ணிக்குள்ளாலேயே மின்சாரத்தை ஓடவிடுகிற முறை. அரிசி தண்ணியைக் குடிக்கக் குடிக்க மின்சாரம் ஓட வழி குறையும், சூடும் தானாகக் குறையும். புத்திசாலித்தனமான யோசனைதான், அதற்குள் கையை விட்டால் என்ன நடக்கும் என்பது வேறு கதை.

போர் முடிந்த 1945 இல், எரிந்துபோன டோக்கியோவில், இபுகா மசாரு என்ற பொறியியலாளர் ஒரு சின்னப் பட்டறை தொடங்கினார். அவர்கள் செய்துபார்த்த முதல் சாமான்களில் ஒன்று மரத் தொட்டியின் அடியில் அலுமினியத் தகடு பூட்டின ரைஸ் குக்கர். அரிசியின் தரமும் தண்ணியின் அளவும் கொஞ்சம் மாறினாலே ஒன்றில் குழைந்துபோகும், இல்லாவிட்டால் வேகாது. ஒன்றையும் விற்க முடியவில்லை. அந்தப் பட்டறைதான் பிறகு சோனி ஆனது. ரேடியோவும் ரீவியும் செய்து உலகத்தைப் பிடித்த கம்பனி, ஒரு பானைச் சோற்றில் தோற்றிருக்கிறது.

ஏன் தோற்றார்கள்? மின்சாரம் தெரியாமல் இல்லை. அவர்களுக்குச் சோறு தெரியாது. நாங்கள் அப்படித்தான் விளங்கிக்கொண்டோம்.

ஃபுமிகோவின் கணக்கு

1950களின் தொடக்கத்தில் தோஷிபா கம்பனியின் யமாதா ஷோகோ என்பவர் சலவை இயந்திரத்தைப் பிரபலப்படுத்த ஊர் ஊராகப் போனார். வீட்டு வேலையில் எது மிகக் கஷ்டம் என்று பெண்களிடம் கேட்டார். துணி துவைப்பது என்று சொல்வார்கள் என்பது அவர் எதிர்பார்ப்பு. அவர்கள் சொன்னது வேறு: ஒரு நாளைக்கு மூன்று தரம் சோறு சமைப்பது.

யமாதா இந்த வேலையை டோக்கியோவில் ஒரு சின்னப் பட்டறை வைத்திருந்த மினாமி யொஷிதாதா என்பவரிடம் கொடுத்தார். மினாமிக்குப் பட்டறை வேலை தெரியும், சோறு சமைக்கத் தெரியாது. அதனால் மனைவி ஃபுமிகோவைக் கேட்டார். ஆறு பிள்ளைகளின் தாய். பணம் புரட்ட வீட்டையே ஈடு வைத்தார்கள். அதற்குப் பிறகு ஏறத்தாழ இரண்டு வருடம் ஃபுமிகோ சோறு சமைத்துக்கொண்டே இருந்தார், ஆனால் இந்தத் தரம் வெப்பமானியும் மணிக்கூடும் தாளும் வைத்துக்கொண்டு. விறகில் என்ன நடக்கிறது, காஸில் என்ன நடக்கிறது, எந்த நிமிடம் எத்தனை பாகை. குளிர் காலத்தில் வெளியே குளிரில் வைத்துச் சமைத்தார், வெயிலில் வைத்தும் சமைத்தார்.

அந்தக் கணக்கில் இருந்துதான் விடை வந்தது. கொதி வந்த பிறகு, ஏறத்தாழ அதே சூட்டில் 20 நிமிடம் வைத்திருந்தால் அரிசியின் மாப்பொருள் முழுதாக வேகும். குறைந்தால் நடுவில் வெள்ளை, கூடினால் அடிப்பிடிக்கும். இப்போது 20 நிமிடத்தை எப்படி அளப்பது? அவர்கள் மணிக்கூடு வைக்கவில்லை. சட்டிக்கு வெளியே இன்னொரு சட்டி வைத்து, அதற்குள் அளந்து ஒரு கோப்பை தண்ணி விட்டார்கள். அந்தத் தண்ணி ஆவியாகி முடிய எடுக்கிற நேரம் சுமார் 20 நிமிடம். அது தீர்ந்தால் வெளிச்சட்டி 100 பாகையைத் தாண்டும். அங்கே இரண்டு உலோகத்தை ஒட்டிச் செய்த ஒரு தகடு இருக்கிறது. இரண்டும் ஒரே அளவுக்கு விரியாது என்பதால், சூடேறினால் அது வளைந்து சுவிட்சைத் தட்டிவிடும். வெளிக்காற்றின் குளிர் இந்தக் கணக்கைக் குழப்பாமல் இருக்க, சுற்றிவர இன்னொரு உறையும் நடுவில் காற்றும் வைத்தார்கள்.

1955 டிசெம்பரில் தோஷிபா அதைச் சந்தைக்கு விட்டது. விலை 3,200 யென். அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பட்டதாரியின் மாதச் சம்பளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. கடைக்காரர் நம்பவில்லை, மின்சாரக் கம்பனிகள் மூலமும் ஊர் ஊராகச் சமைத்துக் காட்டியும்தான் விற்றார்கள். நித்திரை கொள்ளும்போதே சோறு வேக வேண்டும் என்று நினைக்கிறவள் நல்ல மனைவியே இல்லை என்ற பேச்சுக் கம்பனிக்குள்ளேயே இருந்ததாகச் சொல்லப்படுகிறது. ஆனால் சில வருடங்களுக்குள் ஜப்பானிய வீடுகளில் ஏறத்தாழ பாதிக்கு அது போய்விட்டது.

ஃபுமிகோ ஐம்பது வயதைத் தொடாமலே இறந்துபோனார். குக்கரில் இருந்தது தோஷிபா என்ற பெயர்.

எங்கட குக்கரில் வெளிச்சட்டி இல்லை, காந்தம்தான் இருக்கிறது. அது பிறகு வந்த எளிமையான வழி. ஆனால் 'தண்ணி தீருவதைக் கேள், சோறு தன் நேரத்தைத் தானே சொல்லும்' என்ற கணக்கு அதேதான். கட்டிலில் கவிழ்ந்து கிடந்த அந்தக் கிண்ணத்தை அதற்குப் பிறகு எங்களால் வெறும் ஸ்பிரிங்காகப் பார்க்க முடியவில்லை.

கஞ்சி வடிக்காத சோறு

சோறு எல்லா இடத்திலும் ஒன்றில்லை. ஜப்பானில் தண்ணி முழுதும் அரிசிக்குள்ளேயே போக வேண்டும். எங்கட அம்மம்மாமார் நிறையத் தண்ணி விட்டு, வெந்த பிறகு கஞ்சி வடிக்கிறவர்கள். அவர்களுக்குக் குக்கர் சோறு "கஞ்சி வடிக்காத சோறு, வயித்துக்குக் குத்தும்." இந்த முறைப்பாட்டைச் சும்மா பழைய ஆட்களின் கதை என்று ஒதுக்க முடியாது. சாமானோடு சேர்ந்து ஒரு சமையல் முறையும் வீட்டுக்குள் வருகிறது. ஹொங்கொங்கில் இதே குக்கரை விற்ற வில்லியம் மொங் என்ற வியாபாரி, மூடியில் ஒரு சின்னக் கண்ணாடி வைக்கும்படி ஜப்பானியக் கம்பனியிடம் கேட்டு வாங்கினார். அங்கே சோறு வேகும்போதே மேலே இறைச்சி வைத்து அவிக்கிற வழக்கம், எப்போது வைப்பது என்று பார்க்க வேண்டும். எங்கட கஞ்சிக்காக யாரும் கேட்கவில்லை. நாங்கள்தான் மாறிக்கொண்டோம்.

குக்கர் வந்ததால் அம்மாமாரின் வேலை குறைந்ததா? அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷுவாட்ஸ் கோவன் 1983 இல் எழுதின 'மோர் வேர்க் ஃபோர் மதர்' என்ற புத்தகம் இதே கேள்வியைக் கேட்கிறது. வீட்டு இயந்திரங்கள் உடல் நோவைக் குறைத்தன, ஆனால் பெண்ணின் வேலை நேரத்தைக் குறைக்கவில்லை என்பது அவருடைய வாதம். விறகு கொத்திக் கொடுத்த ஆணின் வேலைதான் முதலில் இல்லாமல் போனது. அடுப்படி பெண்ணோடேயே நின்றுவிட்டது. நுவரெலியாக்காரியின் அம்மா தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். முதலில் நாலு மணிக்கு எழும்புவார். இப்போது குக்கர் இருக்கிறது. "இப்ப எத்தனை மணிக்கு?" என்று கேட்டோம். "நாலு மணிக்குத்தான். சோறு தானா வேகும், அந்த நேரத்தில உடுப்பை நனைச்சுப் போடுவாங்க."

2022 இல் காஸும் இல்லை, கரண்டும் இல்லை. பத்து மணித்தியாலத்துக்கும் மேலாக மின்வெட்டு நடந்த அந்த நாட்களில் குக்கரை அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டுத் திரும்பக் கல் அடுப்பு வைத்தவர்களும் அம்மாமார்தான். 'நீ பார்த்துக்கொள்' என்று இயந்திரத்திடம் கொடுத்த அறிவு கைவிரலில் இன்னும் மிச்சம் இருந்தபடியால் நாங்கள் பட்டினி கிடக்கவில்லை. எங்கட விரல்களில் அது இருக்கிறதா?

திறக்கிற கை எது

எங்கட வீடுகளில் சாமான்களைத் திறந்து பார்த்த வரலாறு இல்லாமல் இல்லை. 1990 இல் இருந்து சில வருடங்கள் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுத்தி, டைனமோவில் ரேடியோ கேட்ட கதை எல்லா வீட்டிலும் இருக்கும். அந்தக் கதையில் வயரைப் பூட்டுகிறவர் எப்போதும் ஒரு மாமா, ஒரு பெரியண்ணா. எங்களில் ஒருத்தி அம்மாவிடம் போனில் கேட்டாள்: "அப்ப நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"அண்ணா பூட்டுவார். செய்தி முடியுமட்டும் நான் பெடல் சுத்துவன்."

"எப்பிடிப் பூட்டுறது எண்டு பாத்தனீங்களே?"

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "ஆர் விட்டது? கிட்டப் போனால், 'நீ சுத்து' எண்டு சொல்லுவார்."

சுத்துகிற கை ஒன்று, திறக்கிற கை வேறொன்று. பெடல் போய்க் குக்கர் வந்த பிறகும் அது அப்படியேதான். நாளுக்கு இரண்டு தரம் பாவிக்கிற ஆளுக்குத்தான் "கை வைக்காதே, ஷொக் அடிக்கும்" என்று சொல்கிறார்கள். ஓஎல் முடிய ஆர்ட்ஸுக்குப் போன பிள்ளைக்கு அதையே இன்னொரு தரம் சொல்கிறார்கள். எங்களுக்கு ஆர்வம் இல்லாமல் இருக்கவில்லை. அதைக் கேட்க ஒரு இடம் கிடைக்கவில்லை. ஆனால் இந்தச் சாமானின் உள்ளே இருக்கிற கணக்கே அடுப்படியில், தாளும் வெப்பமானியும் வைத்துக்கொண்டு, ஒரு தாய் எழுதினது.

எங்கட குக்கருக்கு வந்த வருத்தம் என்ன என்று கேட்பீர்கள். கஞ்சிதான். பொங்கி வழிந்த கஞ்சி வருடக்கணக்காக அந்தச் சின்னக் கிண்ணத்தைச் சுற்றிக் காய்ந்து, பசைபோல் பிடித்து, ஸ்பிரிங்கைக் கீழேயே இறுக்கி வைத்திருந்தது. அதனால் அதன் தலை சட்டியில் முட்டவில்லை. சட்டியின் சூட்டுக்குப் பதிலாகத் தட்டின் சூட்டை வாங்கி, தண்ணி தீர்ந்துவிட்டது என்று நினைத்து எழும்பியிருக்கிறது. அம்மம்மாமார் வடித்துவிட்ட கஞ்சி எங்கட குக்கரைப் பழிவாங்கினது என்று அன்று முழுக்கச் சிரித்தோம். பழைய டூத் பிரஷ்ஷும் ஈரத்துணியும் போதுமாக இருந்தது. நன்றாகக் காயவிட்டு, மூன்று ஸ்குரூவையும் திரும்பப் பூட்டினோம்.

அன்று இரவு அரை மணித்தியாலம் போல நாலு பேரும் ஒன்றும் படிக்கவில்லை, குக்கரைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். 'டக்'. திறந்தால் பருக்கை பருக்கையாகச் சோறு.

சாப்பிட்டுவிட்டு நாலு பேரும் வீட்டுக்குப் போன் எடுத்தோம். எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: அடுப்பில் சமைக்கும்போது சோறு வெந்தது எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நாலு அம்மாமாரும் முதலில் சொன்னது ஏறத்தாழ ஒன்றுதான்: "அது தெரியும்தானே." விடாமல் கேட்டபோதுதான் ஒவ்வொன்றாக வந்தது. ஒருவருக்குப் பானையின் சத்தம் மாறும். ஒருவருக்கு நுரை அடங்கி வாசம் வரும். ஒருவர் அகப்பையில் எடுத்த பருக்கையை இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கி, நடுவில் வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பார். நாலாவது அம்மா, "இதையெல்லாம் ஆர் கேக்கிறது, பரீட்சைக்கு வருமோ?" என்று கேட்டார்.

வராது. ஆனாலும் நாங்கள் ஒரு கொப்பி எடுத்து, ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, பெயரும் ஊரும் போட்டு எழுதி வைத்திருக்கிறோம்.